கொரண்டம் அல்ல, குருந்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பற்றி ஒரு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி, வெட்டிவேர் எல்லாம் இருந்தன. மகிழ்ச்சியாக இருந்தது. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் காட்டினேன். ஆனால் நான் தேடிய ஒரு சொல் அதில் இல்லை. ஆங்கிலத்திலேயே அது அதிகம் புழங்காத சொல்தான். கல், தாது என்று படிக்கிறவர்களும் பட்டறைக்காரர்களும் மட்டும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதைக் கொரண்டம் என்கிறார்கள். இங்கிருந்து கிளம்பியபோது அதன் பெயர் குருந்தம்.

நான் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரில் 43 வருடமாகக் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறேன். படிப்பு பத்தாவது வரைக்கும்தான். ஆனாலும் இந்தக் கல்லைத் தினமும் கையில் எடுத்துத் துடைத்து வைப்பது என் தொழில். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம், எட்டாவது படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி கடையில் உட்கார்ந்து பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கனிமங்களின் கடினத்தன்மைக்கு ஜெர்மானியரான மோஸ் 1812-இல் வகுத்த வரிசை அது. டால்க் 1, ஜிப்சம் 2 என்று ஆரம்பித்து, குவார்ட்ஸ் 7, டோபாஸ் 8, கொரண்டம் 9, வைரம் 10 என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"கொரண்டம்னா என்ன கண்ணு?" என்றேன்.

"தெரியலீங்க அப்புச்சி. லத்தீன் பேருன்னு மிஸ் சொன்னாங்க. சோடியம், அலுமினியம் மாதிரி 'அம்'முன்னு முடியுதில்லீங்களா."

ட்வீசரைக் கீழே வைத்துவிட்டேன். மேசை மேல் ஒரு பழைய எச்.எம்.டி. ஜனதா பின்மூடி கழற்றிக் கிடந்தது. சாவி கொடுத்து ஓட்டுகிற கடிகாரம், 17 ஜூவல், அதாவது உள்ளே 17 கல். என் ஐகிளாஸை அவள் கண்ணில் பொருத்தி, "சிவப்பா என்ன தெரியுது, எண்ணிச் சொல்லு" என்றேன். குன்றிமணியைப் பொடிப்பொடியாக உடைத்துப் பதித்த மாதிரி சின்னச் சின்னச் சிவப்புக் கல். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. அந்தத் துளைக்குள் முடியைவிடக் கொஞ்சம் தடிப்பான எஃகு முனை சுழன்றுகொண்டிருக்கும். இப்படியும் அப்படியும் ஆடுகிற பேலன்ஸ் வீல் என்ற சின்னச் சக்கரம் ஒரு நொடிக்கு ஐந்து தடவை அசைகிறது. ஒரு நாளைக்கு 4,32,000 தடவை. பித்தளையிலேயே துளை போட்டு விட்டால் அந்த முனை நாளாவட்டத்தில் அதை முட்டை வடிவத்துக்குத் தின்றுவிடும். கல்லில் போட்டால் நாற்பது வருடம் கழித்தும் துளை வட்டமாகவே இருக்கிறது. எண்ணெய் காய்ந்து கறுத்துப் போயிருக்கும், அவ்வளவுதான். பெட்ரோலில் கழுவி, கூர் சீவிய குச்சியைத் துளைக்குள் விட்டுத் திருகித் துடைத்தால், கல் நேற்றுப் பதித்த மாதிரி எழுந்து வரும். எனக்கு இந்தத் தொழிலில் இன்றைக்கும் சலிக்காத காட்சி அது.

அந்தச் சிவப்புக் கல்தான் குருந்தம். மாணிக்கமும் குருந்தம், நீலமும் குருந்தம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து படிகமாக இறுகியது. அதில் துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். எதுவும் இல்லையென்றால் நிறமே இல்லை. கடிகாரத்துக்குள் கல் பதிக்கும் முறைக்கு லண்டனில் 1704-இலேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். அப்போது நிஜமான மாணிக்கத்தைத்தான் துளைத்தார்கள். 1902-இல் பிரான்சில் வெர்னோய் என்ற வேதியியலாளர், அலுமினா என்கிற அலுமினிய ஆக்சைடு பொடியை 2,000 டிகிரிக்கு மேல் எரிகிற சுடர் வழியாகச் சொட்டவிட்டு, மெழுகுவர்த்தி ஒழுகிச் சேர்வது மாதிரி கல்லை வளர்த்துக் காட்டினார். அதற்குப் பிறகு கடிகாரக் கல் எல்லாம் செயற்கைதான். வாடிக்கையாளர் சிலர், "பழசுதானே, அந்த மாணிக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுங்க" என்று கேட்பார்கள். விலைக்குப் போகாது என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டியிருக்கும். ஆனால் பொருள் ஒன்றேதான். பூமி வளர்த்தாலும் மனிதன் வளர்த்தாலும் குருந்தம் குருந்தம்தான்.

எனக்கு இந்தப் பெயர் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி சாணை பிடிக்கிறவர். சந்தை நாளில் வேலூர், பரமத்தி, கபிலர்மலை என்று சுற்றுவார். அவருடைய சாணைச் சக்கரத்தை அவரே வார்த்துக்கொள்வார். குருந்தக்கல்லை இரும்பு உரலில் இடித்து, துணியில் சலித்து, உருக்கிய அரக்கில் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் வட்டத் தட்டாகத் தட்டி எடுக்க வேண்டும். அரிவாளுக்குக் கொரகொரப்பான பொடி. நாவிதர் கத்திக்கும் தையற்காரர் கத்தரிக்கும் மாவு மாதிரி நைசான பொடி. இடிக்கிற நாளில் எங்களைப் பக்கத்தில் விடமாட்டார், தெறித்தால் கண் போய்விடும் என்று. மழை பெய்து ஓய்ந்ததும் காட்டில் மண் அரித்த இடமாகப் பார்த்து, இளஞ்சிவப்பில் பட்டை பட்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கிற துண்டுகளைப் பொறுக்கி வருவோம். கையில் வாங்கியதும் பழைய அரத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். கல் தேய்ந்தால் தூர எறிந்துவிடுவார். அரம் தேய்ந்தால் "இதுதாஞ் சாமி குருந்தம்" என்பார். ஒரு மாணவன் சோதனைக்கூடத்தில் கற்றுக்கொள்வதை நான் ஆறு வயதில் திண்ணையில் கற்றுக்கொண்டேன்.

சரி, இது எங்கள் வீட்டுக் கதை. நம் வீட்டுச் சொல் மாதிரி இருக்கிறது என்பதற்காக ஓர் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் என்று சொல்லிவிட முடியாது. வாட்ஸ்அப்பில் நாளுக்கு நாள் அப்படித்தான் வருகிறது. ஒலி ஒத்துப்போனால் போதும், உலகத்தில் எல்லாச் சொல்லும் தமிழ் என்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. உண்மையாகப் போன சொற்களையும் சேர்த்துச் சந்தேகப்பட வைக்கிற வேலை அது. குருந்தத்துக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. எங்கிருந்து, யார் கையில், எந்தப் பெயரோடு போனது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எனக்காக அவற்றை எடுத்துப் படித்துத் தமிழில் சொன்னார்.

1728-இல் இறந்த ஜான் வுட்வர்ட் என்ற ஆங்கிலேயர் உலகெங்கிலுமிருந்து கல்லும் மண்ணும் சேர்த்தவர். அவருடைய பட்டியலில் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து போன இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று 'நெல்ல கொரிவிந்தம்', இன்னொன்று 'தெல்ல கொரிவிந்தம்'. முதல் கல்லைப் பற்றி, நெல் விளைகிற வயலில் கிடைக்கிறது, வயல் எலிகள் வளை தோண்டும்போது வெளியே தள்ளுகின்றன, இரும்பை மெருகு போட உதவுகிறது என்று எழுதியிருக்கிறார். எலி தள்ளிய கல்லை ஓர் ஆள் பொறுக்கிக் கோட்டை வரை கொண்டுபோய், அது கப்பலேறி லண்டனில் ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது!

இதில் எனக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு, தெல்ல என்றால் வெள்ளை. கறுப்புக் குருவிந்தம், வெள்ளைக் குருவிந்தம் என்று தெலுங்கு பேசுகிற ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சென்னையில் அதை எழுதி வாங்கியவர் காதில் நம்முடைய 'நெல்' விழுந்து, வயலும் எலியும் அதன் பின்னால் வந்ததோ என்பது என் ஊகம். ஊகம்தான், அடித்துச் சொல்லவில்லை. எலிகள் உண்மையாகவே தள்ளியிருக்கவும் கூடும்; எங்கள் பக்கத்து வரப்பில் நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சென்னையில் இருந்த டாக்டர் ஆண்டர்சன், எடின்பரோவில் முத்திரைக் கல் செதுக்கும் ஒருவருக்கு ஒரு பெட்டி நிறைய இந்தக் கல்லின் படிகங்களை அனுப்பினார். வைரம் நீங்கலாக மற்ற மணிகளை எல்லாம் இந்தியர்கள் இதை வைத்துத்தான் தேய்க்கிறார்கள் என்று குறிப்பும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். அதைத் தொடர்ந்து இந்தக் கல்லின் பின்னால் அலைந்தவர் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர். 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'ஆசியாவிலிருந்து வந்த கொரண்டம் கல்லைப் பற்றி'. இந்த நாட்டுக்காரர்கள் அழைக்கிற பெயர் இது என்று தெரிந்துதான் அந்தப் பெயரை வைத்தார். புதிதாக ஒரு கிரேக்கப் பெயரோ, தன் பெயரோ வைக்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் மதிக்கிறேன். அந்தக் கட்டுரையில் கல் கிடைக்கிற இடமாக 'பெர்மெட்டி' என்று ஓர் ஊர் வருகிறது. எங்கள் பரமத்திதான் அது. கல்லூரி ஆசிரியர் அந்தப் பெயரை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1802-இல் பூர்னோன் என்ற பிரெஞ்சுக்காரர் மாணிக்கம், நீலம், இந்தச் சாணைக்கல் மூன்றும் ஒரே இனம் என்று படிக அமைப்பைக் காட்டி நிறுவினார். அதாவது, அரண்மனைக்குப் போன கல்லும் என் அப்புச்சி உரலில் போட்டு இடித்த கல்லும் ஒன்றுதான்.

கிரெவில் 1809-இல் இறந்தார். அடுத்த வருடம் அவருடைய சேகரிப்பைப் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது.

இனி அந்த 'அம்' விஷயம். பேத்தியின் ஆசிரியை மேல் எனக்குக் குறை இல்லை. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சோடியம், பொட்டாசியம் என்று லத்தீன் வாலோடு பெயர் வைக்கிற பழக்கம் இருந்ததால், குருந்தம் அந்தக் கூட்டத்தில் போய் நின்றதும் லத்தீன் ஆகிவிட்டது. உண்மையில் அதன் 'அம்' மரம், குளம், படம் என்று நாம் நாள் முழுக்கச் சொல்லும் அதே 'அம்'. லத்தீன்காரர் யாரும் ஒட்டவைக்கவில்லை. நடுவில் இருக்கும் 'ந்த' தான் மாறிப்போனது. ஆங்கிலத்தில் நம்முடைய 'த' கிடையாது. அவர்கள் எழுதியதை நாம் திரும்பப் படிக்கும்போது 'ண்ட' ஆகிவிட்டது. திருவனந்தபுரம் ட்ரிவாண்ட்ரம் ஆனதும் இதே கதைதான். அந்த ஊருக்கு மறுபடி சொந்தப் பெயரை எழுதக் கற்றுக்கொண்டோம். இந்தக் கல்லுக்கு மட்டும் ஏன் கூடாது?

சமஸ்கிருதத்தில் குருவிந்தம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, மாணிக்கத்தின் ஒரு வகைக்கு. தெலுங்கிலும் அதே வடிவம். சிலப்பதிகாரத்தில் மதுரை மணிக்கடை வீதியைச் சொல்லும்போது 'பதுமமும் நீலமும் விந்தமும் படிதமும்' என்று மாணிக்கத்தின் நான்கு சாதிகள் வருகின்றன. அதில் விந்தம் என்பது குருவிந்தம் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். இவை எல்லாம் உறவுக்காரச் சொற்கள். ஆனால் ஆங்கிலத்துக்குள் நிலைத்த வடிவத்தில் 'வி' இல்லை என்பதைக் கவனியுங்கள். குருந்தம் என்று நாம் சொல்லும் வடிவம்தான் அங்கே கொரண்டமாக உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில அகராதிகளும் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்றே போடுகின்றன. அவர்களே ஒப்புக்கொண்டதை நாம் ஏன் லத்தீனுக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

இன்னொரு குழப்பமும் உண்டு. குருந்தம் என்றால் சிலர், மாணிக்கவாசகருக்குத் திருப்பெருந்துறையில் இறைவன் குருவாக வந்து அமர்ந்த குருந்த மரத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அது காட்டு எலுமிச்சை இனத்து மரம், இது கல். பெயர் மட்டும்தான் ஒன்று. கல் என்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் குருந்தக்கல் என்று எழுதலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

லேத் பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 'கார்பரண்டம் கல்லு' என்று நீங்கள் சொல்லும் சாணைக்கல்லிலும் இந்தத் தமிழ்ச் சொல் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் 1890-களின் தொடக்கத்தில் களிமண்ணையும் கரியையும் மின்சாரச் சூட்டில் வாட்டியபோது நுண்ணிய படிகங்கள் வந்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து இரண்டு பெயரையும் ஒட்டி கார்பரண்டம் என்று வைத்துவிட்டார். பிறகு பார்த்தால் அது சிலிக்கான் கார்பைடு, குருந்தம் அதில் கிடையவே கிடையாது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. எங்கள் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பியிடம் இதைச் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே சிலேட்டில் 'குருந்தம்' என்று எழுதிக் கல் மிஷினுக்கு மேலே மாட்டிவிட்டார்.

எங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டி என்ற ஊரை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். நிலவின் மண்ணுக்கு ஒத்த மண் தயாரித்து, சந்திரயானின் இறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோ இங்கிருந்தும் பக்கத்துக் குன்னமலையிலிருந்தும்தான் பாறை கொண்டுபோனது. நிலவின் மேட்டு நிலங்களில் இருக்கும் அதே அனார்த்தசைட் பாறை. அந்த வெள்ளைப் பாறைக்குள்தான் இளஞ்சிவப்புக் குருந்தம் பதிந்து கிடக்கிறது. நாங்கள் சிறுவர்களாகப் பொறுக்கியது அங்கே சிதறியதைத்தான். அந்தப் பாறையைத் தொலைக்காட்சியில் எத்தனையோ முறை காட்டினார்கள். உள்ளே இருக்கும் சிவப்புக் கல்லின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை.

என் வேண்டுகோள் பெரியது இல்லை. உங்கள் நாளிதழில் மாணிக்கம் பற்றியோ கனிமம் பற்றியோ செய்தி வரும்போது 'குருந்தம்' என்று அச்சிடுங்கள். முதல் முறை மட்டும் பக்கத்தில், 'ஆங்கிலத்தில் கொரண்டம் என்பது இதைத்தான்' என்று ஒரு வரி போடுங்கள். பாடநூல் எழுதுகிறவர்கள் உங்கள் இதழைப் படிப்பார்கள். அவர்கள் கண்ணில் படட்டும். கடினத்தன்மை வரிசையில் டால்க்கும் ஜிப்சமும் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். வைரத்தை நாம் வைரம் என்றுதான் எழுதுகிறோம். அதற்கு ஒரு படி கீழே இருக்கும் 9-ஆம் இடம் எங்கள் காட்டுக் கல்லுடையது.

இந்தக் கடிதத்தோடு சின்ன அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும், ஒரு பக்கம் வெள்ளைப் பாறை ஒட்டியிருக்கும். அப்புச்சியின் மரப்பெட்டியில் கடைசியாக மிஞ்சியது. அலுவலகத்தில் பழைய அரம் இருந்தால் இழுத்துப் பாருங்கள். படம் எடுத்துக்கொண்டதும் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது. பேத்தி அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் அவளுடைய மிஸ்ஸிடம் காட்ட வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு வாசகர்,
பரமத்தி வேலூர், நாமக்கல் மாவட்டம்.